அம்மாவை டெகாபோவுக்கு அழைத்துப் போனேன்

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. எங்கள் ஊர் என்றால் இப்போது நியூசிலாந்தில் இருக்கும் கிறைஸ்ட்சர்ச். "அன்புமணி, போன வருசம் உங்க அம்மா வந்திருந்தாங்கல்ல, அவங்களப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். எழுதினேன். உழைப்பாளி, தியாகி, தெய்வம் என்று எல்லாரும் வழக்கமாகப் போடுகிற சாமான்களையெல்லாம் போட்டு இரண்டு பக்கத்தை நிரப்பினேன். திருப்பிப் படித்துப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்கு நான் செய்ததை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன். மலரில் போடமாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும்.

அம்மாவின் பெயர் மாரியாத்தாள். வயது அறுபத்தொன்று என்று பாஸ்போர்ட் சொல்கிறது. பிறந்தது வால்பாறையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில். பதினெட்டு வயதில் நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஆனைமலைப் பக்கம் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்தாள். வழி முழுக்க வாந்தி எடுத்ததாகவும், மாப்பிள்ளை முகத்தைப் பார்த்ததும்தான் நின்றதாகவும் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். அந்த மாப்பிள்ளை என் அப்பா கருப்புசாமி. மேட்டுத்தோட்டத்தில் செங்கோடக் கவுண்டரிடம் பண்ணையத்தில் இருந்தார். தண்ணீர் பாய்ச்சுவது, வண்டி ஓட்டுவது, தேங்காய் உரிப்பது எல்லாம் அவர். மாடு கட்டுகிற கட்டுத்தரை அம்மாவின் பொறுப்பு. பதினாறு மாடுகளின் சாணியை விடிவதற்கு முன்னால் வழித்துக் கூடையில் சுமந்து குப்பைமேட்டில் கொட்ட வேண்டும். இருபத்தைந்து வருடம் கொட்டினாள்.

நான் பாலிடெக்னிக் சேர்ந்த வருடம் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அம்மா ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னையும் கூட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்து, உக்கடத்தில் ஓர் அறை பிடித்தாள். கல்யாண மண்டபங்களில் காய் நறுக்கும் வேலைக்குப் போனாள். முகூர்த்த நாட்களில் விடிய விடிய நறுக்கிவிட்டு வருவாள். விரலெல்லாம் வாழைக்காய்க் கறை. நான் படித்து, பம்பு கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, அந்த அனுபவத்தை வைத்து இங்கே வந்தேன். அம்மா ஊருக்கே திரும்பி, எங்கள் சொந்தக்காரர்கள் குடியிருக்கும் வளவில் இருக்கிறாள். பெரிய பெரிய பண்ணைகளில் தண்ணீர் பாய்ச்சுகிற எந்திரங்களைப் பழுது பார்க்கிறேன். "உன்ற அப்பன் பாச்சுன அதே தண்ணிதான், நீ கொழாயில பாச்சறே" என்பாள் அம்மா.

நான்கு வருடம் கழித்து, போன வருட மே மாதம் அவளை ஒரு மாதத்துக்கு அழைத்து வந்தேன். வந்த மறுநாளே இந்த நாட்டைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டாள். "இத்தனை ஆடு கெடக்குது, மேய்க்க ஒருத்தனக் காணமே." குளிரைப் பற்றி நான் பயமுறுத்தியதற்கு, "வால்பாறை லைன்ல பொறந்தவகிட்டயா சொல்றே" என்றாள்.

டெகாபோ கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மூன்று மணி நேரம். பனி மூடிய மலைகளுக்கு நடுவில் ஓர் ஏரி, அதன் கரையில் ஒரு சின்ன ஊர். நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வானம் கெட்டுப்போகக் கூடாது என்று தெருவிளக்குகளைக்கூட மூடி போட்டுத் தரையைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். ஏரித் தண்ணீர் ஒரு மாதிரி வெளிறிய நீலம். மலையில் பனிப்பாறை அரைத்த கல்மாவு கரைந்து வருவதால் அந்த நிறம் என்று விளக்கினேன். அம்மா கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேட்டிக்குப் போடற நீலத்த எவனோ எச்சாக் கலக்கிப்போட்டான்" என்றாள்.

நட்சத்திரம் பார்க்க வேன் வைத்து மலைமேல் கூட்டிப்போகிறார்கள் என்றதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "காசு குடுத்து வெள்ளி பாக்கறதா? நாலு மணிக்கு எந்திரிச்சு நான் பாக்காத வெள்ளியா கண்ணு?" என்றாள். இருந்தாலும் எனக்காக வந்தாள். என் கம்பளிக் கோட்டை சேலைக்கு மேல் போட்டு, தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு, வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தாள். மே மாதக் கடைசியில் அங்கே சாயங்காலம் ஐந்தரைக்கே இருட்டிவிடும்.

மேலே போனதும் செல்போனை அணைக்கச் சொன்னார்கள். வழிகாட்டிப் பெண் கையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும். பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது, மூச்சுவிடுவது கேட்கும். அம்மா தலையைத் தூக்கினாள்.

"அட சாமி, இத்தனையுமா இருந்துச்சு?" என்றாள். கேலி போய்விட்டது குரலில். அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அத்தோடு அந்த நாள் முடிந்திருக்கலாம்.

"ஏனுங்க, நம்ம பக்கங்களா?" என்று இருட்டிலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

இருட்டில் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. நான்கு வருடமாக வெளி ஆள் வாயில் எங்கள் பக்கத்து 'ங்க'வைக் கேட்காத காது. "ஆமாங்க, கோயமுத்தூருங்க" என்றேன். அவர் பெயர் தனபால், பொள்ளாச்சியில் தென்னந்தோப்பும் கயிறு மில்லும் இருக்கிறது. கூட வந்திருப்பது மனைவி செல்வநாயகி. ஆக்லாந்தில் வேலை செய்யும் மகள் அக்ஷயா இவர்களை மட்டும் டூர் அனுப்பி வைத்திருக்கிறாள். அந்தம்மா ஒரு டப்பாவைத் திறந்து, இருட்டில் அம்மாவின் கையைத் தேடிப் பிடித்து, எங்கள் பக்கத்து வெல்லப் பலகாரமான கச்சாயம் ஒன்றை வைத்தார். "மக ஊட்டுல சுட்டதுங்க, வெல்லம் கொஞ்சம் பத்தாது" என்றார். எனக்கும் ஒன்று வந்தது.

"கோயமுத்தூருலயே எங்கீங்க தம்பி?" என்றார் தனபால்.

"சொந்த ஊரு ஆனைமலைப் பக்கங்க." ஊர் பெயரைச் சொன்னேன்.

"அட, மேட்டுத்தோட்டம் இருக்கற ஊருங்களா? செங்கோடக் கவுண்டரு தோட்டம்?"

"அதேதானுங்க."

"அப்படிச் சொல்லுங்க. தம்பி நீங்க என்ன கூட்டமுங்க?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கவுண்டர்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கூட்டம் உண்டு. ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். புது ஆளைப் பார்த்தால் இரண்டாவது நிமிடத்தில் இதைக் கேட்டுவிடுவார்கள், கேட்டால்தான் என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியும். தனபால் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பாசமாகத்தான் கேட்டார். ஆனைமலைப் பக்கத்துக்காரன், நியூசிலாந்தில் வேலை, அம்மாவை ஊர் சுற்றிக் காட்டுகிறான். இவன் நம் ஆளாகத்தான் இருப்பான் என்று முடிவுகட்டிவிட்டார். வேறு ஆளாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கோயமுத்தூரில் வாடகைக்கு அறை தேடியபோதும், வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். பாத்ரூம் போவது போல நழுவியிருக்கிறேன், போன் வந்தது போல நடித்திருக்கிறேன். பொய் மட்டும் சொன்னதில்லை. அங்கெல்லாம் உண்மையைச் சொன்னால் அறை போகும், வேலையில் முகம் மாறும். இங்கே என்ன போய்விடும்? பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, முகமே தெரியாத இருட்டில், நாளைக் காலையில் பிரிந்து போகப்போகிற மனிதரிடம் என்ன போய்விடும்? ஒன்றுமில்லை. ஆனாலும் சொன்னேன். செங்கோடக் கவுண்டர் வீட்டுக் கூட்டத்தின் பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

"மேட்டுத்தோட்டத்துக்குப் பங்காளிங்க. கொஞ்சம் தூரத்துப் பங்காளிங்க" என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரும் கேட்காமலே.

"அப்ப நமக்கு மாப்பள முறையாகுது" என்று தனபால் என் தோளில் கைபோட்டார். "அப்பா பேருங்க?"

கருப்புசாமி என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெயர் எல்லாரிடமும் இருக்கிறது, அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பொய்க்குப் பக்கத்தில் அந்தப் பெயரை வைக்க வாய் வரவில்லையா, இல்லை அந்தப் பெயரே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயமா, எனக்கே தெரியவில்லை.

"அப்பா தவறிட்டாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்தில் அம்மா கச்சாயத்தை மெல்லுவது நின்றுபோனது எனக்குக் கேட்டது.

செல்வநாயகி அம்மாள் உற்சாகமாகிவிட்டார். "மேட்டுத்தோட்டம் எனக்கு நல்லாத் தெரியுமுங்க. எங்கத்தைக்கு அவிய சொந்தம். சின்னப் புள்ளைல ஒரம்பரையா விருந்துக்குப் போனா அந்த ஊட்டுலதான் ரெண்டு நாள் இருப்போம். ஏனுங்க அம்மணி, அந்தக் கெணறு இன்னும் இருக்குதுங்களா?"

கேள்வி அம்மாவுக்கு வந்தது. அம்மா தொண்டையைச் செருமினாள்.

"இருக்குதுங்க. ஆனா தண்ணி இல்லீங்க. எழுவதடி எறங்கிக் கெடக்குது. இப்ப போர்த்தண்ணிதானுங்க" என்றாள்.

நிதானமான குரல். ஆயுள் முழுக்க அந்த வீட்டுக்காரர்களையும் அவர்களைப் போன்றவர்களையும் "சாமி" என்று கூப்பிட்டுப் பழகிய வாய் அது. ஒவ்வொரு பதிலின் கடைசியிலும் அந்தச் சொல் வந்து முட்டி, அவள் விழுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தம்மாவுக்குத் தெரியவில்லை. வடக்கே இருந்த புளியமரம், மயிலைக்காளைகள், தேர் போல ஜோடித்த சவாரி வண்டி, தோட்டத்துக் கன்னிமார் கோயில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். காளைகளுக்கு எந்தப் பக்கம் சுழி என்பது முதற்கொண்டு சொன்னாள். சுழியை அவளைவிட யாருக்குத் தெரியும்?

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதையும் சொல்லித் தொலைக்கிறேன். நிம்மதியாக இருந்தது. அதைவிடக் கேவலம், பெருமையாக இருந்தது. அடேயப்பா, என் அம்மா எப்படிச் சமாளிக்கிறாள் பார் என்று நினைத்தேன். இன்னொரு கச்சாயம் வாங்கித் தின்றேன்.

"ஆசாரத்துல நாலு தூணு இருக்குமுங்களே" என்றார் செல்வநாயகி அம்மாள். ஆசாரம் என்பது எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் வாசலைத் தாண்டியதும் வருகிற கூடம். "அதுல ஒரு தூணுல மட்டும் கிளி செதுக்கியிருக்கும். நாங்க புள்ளைக எல்லாம் அதத் தொட்டுட்டு ஓடியாந்து ஒளிஞ்சு வெளையாடுவோம். எந்தத் தூணுன்னு மறந்தே போச்சுங்க. எதுலீங்க அது?"



"எடது பக்கத் தூணுங்க" என்று நான் முந்திக்கொண்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவனுக்குத் தெரியாதுங்க" என்றாள் அம்மா. "எனக்கும் தெரியாதுங்க. வாசல்ல நின்னு பாத்தா ரெண்டு தூணுதானுங்க தெரியும். அந்த ரெண்டுலயும் கிளி இல்லீங்க. உள்ளார இருக்கற ரெண்டுல எதுலன்னு நான் பாத்ததில்லீங்க. இருவத்தஞ்சு வருசம் அந்தக் கட்டுத்தரையில சாணி வழிச்சனுங்க. ஊட்டுக்குள்ள போனதில்லீங்க."

வழிகாட்டிப் பெண் தூரத்தில் ஆங்கிலத்தில் ஏதோ ஜோக் சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். தனபாலின் கை என் தோளிலிருந்து எப்போது இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

"அட, அதனால என்னங்க" என்றார் அவர் கடைசியில். "இப்பெல்லாம் ஆருங்க அதையெல்லாம் பாக்கறாங்க."

நல்ல மனிதர்தான். பத்து நிமிடம் முன்னால் கேட்டதை மறந்துவிட்டார், அவ்வளவுதான். செல்வநாயகி அம்மாள் "செரிங்க, செரிங்க" என்றார். டப்பா மூடும் சத்தம் கேட்டது. அது பனிக்காக மூடியதாகக்கூட இருக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல நான் யார்? அந்த இருட்டில் அவர்கள் இரண்டு பேரும் பொய் பேசவில்லை, அம்மாவும் பேசவில்லை.

எங்கள் முறை வந்தது. அம்மா டெலஸ்கோப்பில் குனிந்து பார்த்தாள். இது ஒரே நட்சத்திரம் போலத் தெரிந்தாலும் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் கூட்டம் என்று அந்தப் பெண் விளக்கினாள். அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் அதைச் செய்யவில்லை. அம்மா நிமிர்ந்து, "நல்லாருக்குதுங்க" என்று அந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னாள்.

அறைக்கு வந்ததும் நான் அம்மா காலில் விழுந்திருக்க வேண்டும். என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன்.

"ஏம்மா அப்படிச் சொன்னே? மறந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்ல? அசிங்கமாப் போச்சு."

அம்மா மப்ளரை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் எம்மட்டோ சமாளிச்சேன் கண்ணு" என்றாள். "கெணத்தச் சொன்னேன், மாட்டச் சொன்னேன். உள்ளார என்ன இருக்குதுன்னு நான் எங்க போயிச் சொல்ல?"

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்த வாசல்ல அத்தன வருசம் நின்னேன். ஒரு நாளும் எனக்கு வெக்கமா இருந்ததில்ல. என்ற வேலையச் செஞ்சேன், என்ற கூலிய வாங்குனேன். உள்ளார உடாதது அவிய கொறச்சலு, எனக்கென்னன்னு இருந்துட்டேன். இன்னிக்குத்தான் வெக்கமாப் போச்சு சாமி. உன்ற அப்பன் பேரக் கேட்டப்ப வாயத் தொறக்காம நின்னே பாரு, அப்ப."

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சமாதானம் செய்திருப்பேன், அவளும் ஆறியிருப்பாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டு அழுதேன். அவள் எழுந்து வந்து என் முதுகைத் தடவினாள்.

"நாளைக்கு அவியள எங்காச்சும் பாத்தா சொல்லிப்போடு. மன்னிப்பு கின்னிப்பு ஒண்ணும் வேண்டாம். நான் கருப்புசாமி பையனுங்கன்னு சொல்லு. போதும்."

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலையில் ஏரிக்கரையில் இருக்கும் கல் கோயிலுக்குப் போனோம். சின்ன சர்ச், அதன் பின்னால் தண்ணீரும் பனிமலையும். காரை நிறுத்தும்போதே பார்த்துவிட்டேன். தனபாலும் அவர் மனைவியும் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றிரவு திரும்பும்போது வேனுக்குள் அரைகுறையாகத் தெரிந்த முகங்களை முதல்முறையாக வெளிச்சத்தில் பார்க்கிறேன். அவர் மங்கிகேப் போட்டிருந்தார், அந்தம்மா செருப்புக்குள் தடித்த சாக்ஸ். எங்கள் ஊர் பஸ்ஸில் எத்தனையோ தடவை பார்த்த மாதிரியான இரண்டு பேர். காற்று பலமாக இருந்ததால் அம்மா காரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போயிட்டு வா" என்றாள்.

முப்பது அடி தூரம் இருக்கும். நடக்க நடக்க, நான் கருப்புசாமி பையனுங்க, நான் கருப்புசாமி பையனுங்க என்று பள்ளிக்கூடப் பையன் போல மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தனபால் திரும்பினார். முகத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

"வாங்க தம்பி. நல்லாத் தூங்குனீங்களா? நல்ல நேரத்துல வந்தீங்க. எங்க ரெண்டு பேரையும் ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க, மலை தெரியற மாதிரி."

போனை வாங்கினேன். மலை தெரிகிற மாதிரி மூன்று எடுத்தேன். திருப்பிக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு அருமையாக வந்திருக்கிறது என்றார். இதுதான் நேரம். அவரும் நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிரு ஜாஸ்திங்க" என்றேன்.

"ஆமாங்க தம்பி, ஜாஸ்திதான்."

"வாரனுங்க."

"வாங்க, வாங்க. பாத்துப் போங்க."

திரும்பி வந்து கார் கதவைத் திறந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காற்றில் பேசியது கேட்டிருக்காது. நாங்கள் பேசிக்கொண்டது மட்டும் தெரிந்திருக்கும்.

"சொல்லிட்டயா கண்ணு?"

"சொல்லிட்டேன்மா."

"என்ன சொன்னாரு?"

"நல்லதுங்க தம்பின்னாரு. அம்மாவக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."

அம்மா கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். அவர்கள் கவனிக்கவில்லை. பிறகு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, என் கையை ஒரு தடவை பிடித்துவிட்டு, கிறைஸ்ட்சர்ச் வரும்வரைக்கும் தூங்கினாள். இந்த நாட்டுக்கு வந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் ஊருக்குத் திரும்பிப் போனாள். ஏரியைப் பற்றியோ வெள்ளியைப் பற்றியோ அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லையாம். இந்த ஒன்றைத்தான் எங்கள் வளவில் வீடு விடாமல் சொல்லியிருக்கிறாள். போன மாதம் கிறிஸ்தவரான பெரியப்பாவின் மகன் ஜெரோம் போன் செய்தான். வேறு எதற்கோ கூப்பிட்டவன், வைக்கும் முன்னால் கேட்டான்.

"ஏப்பா, அத்தாந்தூரத்துல பெரிய ஆளுககிட்டப் போயி, நான் கருப்புசாமி பையனுங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொன்னயாமா? சின்னம்மா வாய் ஓயாமச் சொல்லுது. நெசமா?"

ஆமாம் என்றேன்.